கால்விரலைத் தொட முடிகிறது, தோளைத்தான் திருப்ப முடியவில்லை

பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 57. வலது கைப் பழக்கம் உள்ளவர். நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வார இறுதியில் தவறாமல் கோல்ஃப். சில ஆண்டுகளாக டிரைவரால் (மிக அதிக தூரம் அடிக்கும் கோல்ஃப் மட்டை, அதாவது கிளப்) அடிக்கும் பந்து முன்பைவிட 20 கஜம் குறைவாகவே போகிறது. உடம்பு இறுகிவிட்டதுதான் காரணம் என்று முடிவுசெய்து, கடந்த எட்டு மாதங்களாகக் காலையில் எழுந்த கையோடு 40 நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்கிறார். முழங்காலைத் தாண்டாத கை இப்போது கால்விரலைத் தொடுகிறது. ஆனால் பந்து போகும் தூரமும் கூடவில்லை, பேக்ஸ்விங்கில், அதாவது அடிப்பதற்காகக் கிளப்பைப் பின்னால் உயர்த்தும்போது, தோள் திரும்பும் அளவும் கூடவில்லை. போதாக்குறைக்கு, ஒன்பதாவது, பத்தாவது ஹோலைத் தாண்டியதும் கீழ்முதுகின் வலப்பக்கத்தில் வலி பிடித்துக்கொள்கிறது.

தோள் 90 டிகிரி திரும்பியே ஆக வேண்டும், இடுப்பு அசையவே கூடாது என்கிறார் அவருடைய பயிற்சியாளர். சில வேளைகளில் பின்னால் நின்று இரு தோள்களையும் பிடித்து அழுத்தித் திருப்பியும் விடுகிறார். நண்பர் ஒருவர் யோகா போதும் என்கிறார். இன்னொருவர் முதுகில் நெட்டி முறித்துவிடும் இடத்துக்கு அழைக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ்முதுகு டிஸ்க்குகளில் (முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற திசு) தேய்மானம் என்று வந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சிங் நேரத்தைக் கூட்டலாமா, ஸ்விங்கைச் சுருக்கிக்கொண்டால் அது தோல்வியாகிவிடாதா, முன்பணம் கட்டிவிட்ட பயிற்சியாளரிடம் 'அழுத்தாதீர்கள்' என்று எப்படிச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

நான் விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் இயன்முறை மருத்துவர். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுவதால், கீழே உள்ளவற்றில் சில உங்கள் கடிதத்தின் விவரங்களை வைத்து நான் செய்யும் ஊகங்கள். அவற்றை நீங்களே வீட்டில் சரிபார்க்கும் வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எட்டு மாத உழைப்புக்குப் பலன் இல்லை என்று வருந்துகிறீர்கள். பலன் கிடைத்திருக்கிறது, கோல்ஃபுக்கு அதிகம் தேவைப்படாத இடத்தில் கிடைத்திருக்கிறது. குனிந்து கால்விரலைத் தொடுவதற்குத் தொடையின் பின்தசைகள் நீள வேண்டும், கீழ்முதுகு முன்பக்கமாக வளைய வேண்டும். பந்தை அடிக்கும்போது உடல் செய்யும் முக்கிய வேலையோ சுழல்வது. பந்தின் முன்னால் சரியாக நிற்பதற்குத் தொடைப் பின்தசையில் ஓரளவு தளர்ச்சி தேவைதான் என்றாலும், அதற்குக் கால்விரல்வரை போக வேண்டியதில்லை. உடல் முழுவதற்கும் பொதுவான நெகிழ்வுத்தன்மை என்று ஒன்று கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும், அந்த மூட்டிலேயே ஒவ்வொரு திசைக்கும் அளவு வேறு. ஒன்றில் உழைத்துப் பெற்றது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில்லை.

திரும்ப வேண்டிய இடம் எது

இனி நான் இடுப்பு மூட்டு என்று குறிப்பிடுவது, தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழியில் பொருந்தும் மூட்டை. பெல்ட் கட்டும் இடத்தை அல்ல.

கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளின் பின்பக்கத்திலும் சிறிய இணைப்பு மூட்டுகள் இருக்கின்றன. அவை முன்னும் பின்னும் வளைவதற்கு இடம்கொடுத்து, சுழற்சியைத் தடுக்கும் வகையில் அமைந்தவை. ஆகவே ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 10 டிகிரிதான் திரும்பும். விலா எலும்புகள் இணைந்திருக்கும் நடுமுதுகு 30 டிகிரிக்கு மேல் திரும்பக்கூடியது. மீதிப் பொறுப்பில் பெரும்பங்கு இடுப்பு மூட்டுகளுடையது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பேக்ஸ்விங்கின் உச்சியில் தோளை ஏறத்தாழ 90 டிகிரி திருப்புகிறார்கள் என்று உங்கள் பயிற்சியாளர் சொல்வது சரியே. அந்த 90-இல் ஏறத்தாழ பாதி, இடுப்பெலும்பு மொத்தமும் கால்களின் மேல் திரும்புவதால் கிடைப்பது என்பதை அவர் விட்டுவிட்டார். இடுப்பு அசையாமல் தோள் மட்டும் 90 டிகிரி திரும்ப வேண்டும் என்று 57 வயது உடலிடம் கேட்பது, அந்தப் பாதியையும் முதுகெலும்பின் கணக்கிலேயே எழுதுவதாகும். கீல் துருப்பிடித்த கதவைத் தள்ளினால் நிலைச்சட்டம்தான் ஆடும். உங்கள் விஷயத்தில் ஆடுவது கீழ்முதுகு என்று நினைக்கிறேன்.

கடிதம் முழுவதும் பேக்ஸ்விங்கைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நான் அதிகம் சந்தேகப்படுவது பந்தை அடித்த பிறகு நடப்பதை. வலது கைக்காரரின் பேக்ஸ்விங்கில் உடல் வலது காலின் மேல் திரும்புகிறது; அடித்து முடிக்கும்போது இடது காலின் மேல் திரும்புகிறது. ஊன்றிய காலை நோக்கி இடுப்பெலும்பு இப்படித் திரும்புவதை அந்த இடுப்பு மூட்டின் உட்சுழற்சி என்கிறோம். பேக்ஸ்விங் நிதானமானது. உயர்த்திய கிளப்பைக் கீழே வீசும் டவுன்ஸ்விங் தொடங்கி கிளப் பந்தைத் தொடுவதற்கோ ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. அதற்குள் உடல் எடையின் பெரும்பகுதி இடது காலுக்கு மாறி, அதன் மேல் திரும்பவும் தொடங்கிவிடுகிறது. இடது இடுப்பு மூட்டு பாதி வழியில் நின்றுவிட்டாலும் உடலின் வேகம் நிற்காது. எஞ்சிய திருப்பத்தை மேலே இருக்கும் கீழ்முதுகு ஏற்றுக்கொள்கிறது. அதே கணத்தில் உடல் வலப்பக்கம் சாய்ந்தும் இருப்பதால், வலப்பக்கத்து இணைப்பு மூட்டுகள் ஒன்றோடொன்று நெருக்கப்படுகின்றன. ஸ்விங்கின்போது கீழ்முதுகில் உடல் எடையைப் போல 8 மடங்குவரை அழுத்தம் ஏறுவதாக 1990-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஒரு சுற்றில் பயிற்சி ஸ்விங்குகளையும் சேர்த்து நூறுக்கு மேல் சுழற்றுகிறீர்கள். முதல் ஹோலில் இல்லாத வலி பத்தாவதில் வருவதற்கு இந்தக் கணக்கு பொருந்திப்போகிறது.

ஆகவே வலி வலப்பக்கம் இருந்தாலும் காரணம் இடது இடுப்பு மூட்டில் இருக்கலாம். இலக்கின் பக்கம் இருக்கும் காலின் (உங்களுக்கு இடது கால்) இடுப்பு மூட்டில் உட்சுழற்சி குறைந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம் கீழ்முதுகு வலி அதிகம் காணப்படுவதாக ஆய்வுகளும் சொல்கின்றன. அடுத்த முறை ஆடும்போது, வலி சுருக்கென்று வருவது கிளப்பை மேலே கொண்டுபோகும்போதா, அடித்து முடித்து நிற்கும்போதா என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனைவிட அந்தக் குறிப்பு எனக்கு அதிகம் உதவும்.

அளந்த பிறகு நீட்டுங்கள்

முதல் சோதனை நடுமுதுகுக்கு. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். அது இடுப்பெலும்பைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு கிளப்பை நெஞ்சுக்குக் குறுக்கே, தோள்களை ஒட்டி வைத்துக் கைகளால் அணைத்தபடி மெதுவாக ஒரு பக்கம் திரும்புங்கள். நேரே முன்னால் பார்க்கும் திசைக்கும் பக்கவாட்டுத் திசைக்கும் நடுவே, அதாவது ஏறத்தாழ 45 டிகிரிவரை வந்தால் போதும். இரு பக்கமும் பாருங்கள். தலையணை நழுவினாலும் ஒரு முழங்கால் மற்றதைவிட முன்னே போனாலும் அந்த அளவு செல்லாது.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும் அளவுக்கு உயரமான மேசையின் விளிம்பில் அமருங்கள். தொடை மேசையில் பதிந்தே இருக்க, இடது பாதத்தை மட்டும் இடப்பக்கம் வெளிநோக்கி உயர்த்துங்கள். பாதம் வெளியே போனாலும் தொடை எலும்பு உள்நோக்கித்தான் சுழல்கிறது. பிட்டம் மேசையைவிட்டு எழத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவரை நேர் எதிரே உட்காரவைத்துக் கைபேசியில் படமெடுக்கச் சொல்லி, கீழ்க்கால் செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். 35 முதல் 45 டிகிரி வரை இயல்பு. 25-ஐத் தொடவில்லை என்றாலும், வலது காலைவிட இடது கால் கண்ணுக்குத் தெரியும்படி குறைவாக வந்தாலும், நாம் தேடுவது அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சோதனையில் தடை எங்கே உணரப்படுகிறது என்பதும் அளவைப் போலவே முக்கியம். பிட்டத்தின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ இழுப்பது போல இருந்தால் தசையும் மூட்டு உறையும் இறுகியிருக்கலாம். அது பயிற்சிக்கு இணங்கும். முன்பக்கம், கவட்டைக்குள் கிள்ளுவது போலவோ எலும்பு முட்டுவது போலவோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இடுப்பு மூட்டின் குழி எல்லோருக்கும் ஒரே ஆழத்திலும் ஒரே கோணத்திலும் அமைவதில்லை. சிலருக்குப் பிறவி அமைப்பே அவ்வளவுதான். சிலருக்கு ஐம்பதுக்குப் பிறகு மூட்டுத் தேய்மானம் தொடங்கும்போது முதலில் குறைவது உட்சுழற்சி. எலும்பில் எலும்பு முட்டும் இடத்தில் எவ்வளவு ஸ்ட்ரெச்சிங் செய்தாலும் இடம் உண்டாகாது, எரிச்சல்தான் கூடும். அப்படி இருந்தால் எலும்பு மருத்துவரிடம் சென்று இடுப்பு மூட்டுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

தோளுக்கு ஒரு சிறு சோதனை போதும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, கீழ்முதுகு சுவரைவிட்டு வளைந்து விலகாமல் இரு கைகளையும் தலைக்கு மேல் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள்.

மைதானத்துக்கு முன் ஒன்று, வீட்டில் வேறொன்று

ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்தத்திலேயே ஒவ்வொரு தசையையும் ஒன்றரை, இரண்டு நிமிடம் இழுத்துப் பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல ஆட்டக்காரர்களிடம் உள்ள பழக்கம் இது. நல்லெண்ணத்தில் செய்யும் தீங்கு என்றே சொல்வேன். ஒரு தசையை அசையாமல் 60 நொடிக்கு மேல் நீட்டிப் பிடித்தால், அதற்குப் பின் சிறிது நேரத்துக்கு அதன் உந்துசக்தி மங்குகிறது. இளம் போட்டி ஆட்டக்காரர்களிடம் செய்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், டிரைவரை எடுப்பதற்கு முன் இத்தகைய ஸ்ட்ரெச்சிங் செய்தபோது கிளப்பின் வேகம், பந்தின் தூரம், துல்லியம் மூன்றும் குறைந்தன. இழந்த தூரத்தை மீட்கச் செய்வதாக நீங்கள் நினைக்கும் பயிற்சியே, அன்றைய ஆட்டத்தில் அதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

மைதானத்துக்கு முன் தேவைப்படுவது உடலைச் சூடாக்கி, மூட்டுகளை அவற்றின் முழு அளவுக்கு அசைத்துப் பார்ப்பது. நான்கைந்து நிமிடம் விரைவாக நடங்கள். கிளப்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் ஊஞ்சல் போல வீசுங்கள். ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கித் தாழ்ந்து, முன்வைத்த காலின் பக்கம் மேலுடலைத் திருப்பி எழுந்து, கால் மாற்றிச் செய்யுங்கள். கிளப்பைத் தோளில் வைத்துத் திரும்பும்போது இடுப்பையும் சேர்ந்து திரும்பவிடுங்கள். பிறகு குறைந்த தூரம் அடிக்கும் சின்ன அயர்ன் கிளப்பில் பாதி வேகத்தில் தொடங்கி டிரைவர்வரை படிப்படியாக ஏற்றுங்கள். மொத்தம் 10, 15 நிமிடம் போதும். முன்னால் ஆடுபவர்களுக்காக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால், வண்டியில் உட்காராமல் நடந்துகொண்டும் இரண்டு முறை காற்றில் சுழற்றிக்கொண்டும் இருங்கள்.

எழுந்தவுடன் செய்யும் முன்குனிவை உடனே நிறுத்தச் சொல்வேன். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நாம் மாலையைவிட ஒன்றரை செண்டிமீட்டர் அளவு உயரமாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது. அதுவரை முன்னால் குனிந்தால் டிஸ்க்கின் மீதும் அதைச் சுற்றிய இணைப்புத் திசுக்களின் மீதும் மற்ற நேரங்களைவிடக் கூடுதலான அழுத்தம் விழுகிறது. முதுகு வலி உள்ளவர்களிடம் காலையில் குனிவதை மட்டும் கட்டுப்படுத்தச் சொல்லிச் செய்த சோதனையில் வலி குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. நீங்களோ அந்த ஒரு மணி நேரத்துக்குள் 40 நிமிடம் குனிந்துவிட்டு, நேராகக் காரில் ஏறி மைதானத்துக்குப் போகிறீர்கள்.

ஸ்ட்ரெச்சிங்கை மாலைக்கு மாற்றிவிடுங்கள். நேரத்தையும் பாதியாகக் குறைத்துவிடலாம். மூன்று பயிற்சிகள் போதுமானவை. முதலாவது நடுமுதுகுக்கு. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, இரு முழங்கால்களையும் இடுப்பு உயரத்துக்கு மடக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இரு கைகளையும் முன்னால் நீட்டி உள்ளங்கைகளைச் சேர்த்துவைத்து, மேல்கையை மட்டும் உயர்த்தி, புத்தகத்தைத் திறப்பது போலப் பின்பக்கத் தரையை நோக்கிக் கொண்டுபோங்கள். பார்வை அந்தக் கையின் கூடவே போகட்டும். மேல் முழங்கால் கீழ் முழங்காலைவிட்டு நழுவுகிறது என்றால் திருப்பம் கீழ்முதுகுக்கு இறங்கிவிட்டது என்று பொருள்; சற்றே திரும்பி வந்து அங்கே நின்று, மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது விலா எலும்புக்கூடு தளர்ந்து கை இன்னும் கொஞ்சம் இறங்கும். பிறகு மறுபக்கம்.

இரண்டாவது இடுப்பு மூட்டுக்கு. தரையில் அமர்ந்து கைகளைப் பின்னால் ஊன்றி, பாதங்களை அகலமாக வைத்து, இரு முழங்கால்களையும் மடக்கி நிறுத்துங்கள். இடது முழங்காலை மட்டும் உள்பக்கமாகத் தரையை நோக்கிச் சாய்த்து, இடது பிட்டம் எழாத அளவில் நிறுத்திப் பிடியுங்கள். மூன்றாவது, ஒரு முழங்காலை ஊன்றி மற்ற காலை முன்வைத்து, ஊன்றிய காலின் தொடை முன்பக்கத்தை நீட்டுவது. நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே இறுக்கம் இல்லாமல் இருக்காது. ஒவ்வொன்றையும் 30 முதல் 60 நொடி, பக்கத்துக்கு இரண்டு முறை, வாரத்தில் நான்கைந்து நாள் செய்யுங்கள். இழுப்பு தெரிய வேண்டும். பல்லைக் கடிக்க நேரக் கூடாது. மரத்துப்போனால் உடனே விட்டுவிடுங்கள். ஆறு, எட்டு வாரம் கழித்து மேசைச் சோதனையை மறுபடி படமெடுத்து ஒப்பிடுங்கள்.

யோகா செய்யலாம், தடையில்லை. முழங்காலிலோ தரையிலோ கையை நெம்புகோல் போல ஊன்றி முதுகை முறுக்கும் நிலைகளை மட்டும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

இருபது கஜம் எங்கே போயிற்று

குறைந்த தூரம் முழுவதையும் இறுக்கத்தின் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். ஐம்பதைக் கடந்த உடலில் தசையின் அளவும் வலிமையும் குறைகின்றன. அவற்றைவிட வேகமாகக் குறைவது, வலிமையைச் சட்டென்று வெளிப்படுத்தும் திறன். கிளப்பின் வேகம் அந்தத் திறனைத்தான் நம்பியிருக்கிறது. கிளப்பின் வேகத்தில் மணிக்கு ஒரு மைல் என்பது டிரைவரில் ஏறத்தாழ இரண்டரைக் கஜம். எட்டு மைல் குறைந்தாலே உங்கள் 20 கஜம் போய்விடும். கூடவே, வலியை எதிர்பார்க்கும் உடல் வலி வரும் முன்பே தன்னை அறியாமல் வேகத்தை அடக்கிக்கொள்ளும்.

ஸ்ட்ரெச்சிங்கின் தொடக்கக் கட்டத்தில் கிடைக்கும் கூடுதல் அளவு, பெரும்பாலும் தசை உண்மையில் நீண்டதால் வருவதில்லை. இழுப்பைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகியதால் வருவது. அந்தப் புதிய அளவில் உடலைத் தாங்க வலிமை இல்லை என்றால், ஸ்விங்கின் வேகத்தில் மூளை அதைப் பயன்படுத்த அனுமதிக்காது. ஆகவே மேசை விளிம்பில் பாதத்தை வெளியே உயர்த்தும் அந்தச் சோதனையையே பயிற்சியாக்குங்கள்: கை உதவியின்றி முடிந்தவரை உயர்த்தி, ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள். அதோடு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ரப்பர் பட்டையை நெஞ்சை நோக்கி இழுப்பது, பக்கவாட்டிலிருந்து இழுக்கும் பட்டையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்து உடல் திரும்பாமல் நிற்பது ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாள் செய்யுங்கள். மூட்டின் முழு அளவுக்கும் செய்யப்படும் வலிமைப் பயிற்சி, ஸ்ட்ரெச்சிங்குக்கு ஏறத்தாழ ஈடாகவே நெகிழ்வையும் கூட்டுகிறது என்பது இப்போது நன்றாக நிறுவப்பட்ட செய்தி. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் வலிமைப் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவரானால், தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பளுவைத் தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள்.

சுருக்கிக்கொள்வது தோல்வியா

ஸ்பெயின் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர் ஜான் ராமின் பேக்ஸ்விங் முழுமைக்கு வெகு முன்பே நின்றுவிடும். வலது பாதம் வளைந்து பிறந்தவர். அதற்கான சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கணுக்காலில் அசைவு குறைவு என்றும், தன் உடலுக்கு ஏற்றபடியே ஸ்விங்கை அமைத்துக்கொண்டதாகவும் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கோல்ஃபின் பெரும் போட்டிகளான யூ.எஸ். ஓப்பனை 2021-இலும் மாஸ்டர்ஸை 2023-இலும் வென்ற அந்த ஸ்விங்கை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை. மறுபக்கம், அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தாராளமாகத் தரையைவிட்டு எழவிடுவார். அதனால் இடுப்பெலும்பு எளிதாகத் திரும்பி, முதுகின் பளு குறைகிறது. 1986-இல் 46 வயதில் அவர் மாஸ்டர்ஸை வென்றார்.

இவற்றிலிருந்து உங்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்று மாற்றங்கள். இடது பாதத்தின் விரல்பகுதியை 25, 30 டிகிரி வெளியே திருப்பி நில்லுங்கள். அடித்து முடிக்கும்போது இடது இடுப்பு மூட்டிடம் கேட்கும் உட்சுழற்சி அந்த அளவுக்குக் குறைந்துவிடும். பேக்ஸ்விங்கில் இடுப்பைத் திரும்பவிடுங்கள். இடது குதிகால் எழுந்தால் எழட்டும். முடிக்கும்போது முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து நிற்காமல், நெஞ்சு இடது காலுக்கு நேர்மேலே வரும்படி நிமிர்ந்து நில்லுங்கள். இவற்றுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே முயன்று பார்க்கலாம். முதல் சில சுற்றுகளில் பந்து திசைமாறும் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டில் எலும்பு முட்டுவது உறுதியானால், உங்களுக்கு இதுவே நிரந்தர வழி.

பயிற்சியாளரின் கை, நெட்டி, ஸ்கேன்

பின்னால் நின்று தோளை அழுத்தித் திருப்புவதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முன்பணம் கட்டியது அந்த உரிமையைப் பறித்துவிடாது. வலி உள்ள முதுகை இன்னொருவர் தன் பலத்தால் அதன் எல்லைக்கு மேல் திருப்பும்போது, எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, உங்களால் உடனே நிறுத்தவும் முடியாது. அவரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. 'எனக்கு முதுகு வலி இருக்கிறது, பரிசோதித்து முடியும்வரை கையால் திருப்ப வேண்டாம், வாயால் சொல்லிக்கொடுங்கள்' என்று சொல்லி, அதையே ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். வலியை இதுவரை அவரிடம் மறைத்தே வந்திருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர் அறியாமல் செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் மேசைச் சோதனைப் படத்தை அவரிடம் காட்டுங்கள். நல்ல பயிற்சியாளர் அதைப் பார்த்ததும் பாதத்தின் கோணத்தைத் தானே மாற்றிக்கொடுப்பார். அதன் பிறகும் 90 டிகிரி என்றே நின்றால், மிச்சப் பாடங்களுக்கான பணத்தைவிட முதுகு பெரிது.

நெட்டி முறிக்கும்போது கேட்கும் சத்தம், மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. இடம் பெயர்ந்த எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் அன்று. சில மணி நேரம் இலேசாக இருக்கும்; இடது இடுப்பு மூட்டு இருந்தபடியேதான் இருக்கும். முறையான பரிசோதனையின்றி, படிப்பும் பதிவும் இல்லாதவரிடம் அதற்குப் போக வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டு நீங்கள் பயந்த அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. முதுகு வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஏறத்தாழ 80 சதவீதம் பேரிடம் டிஸ்க் தேய்மானமும் 60 சதவீதம் பேரிடம் டிஸ்க் புடைப்பும் காணப்பட்டன. வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ, கால்விரலைத் தூக்க வலுவில்லாமல் போனாலோ கிளப்பை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காரணமின்றி எடை குறைவதோ, காய்ச்சலோ, படுத்தாலும் அடங்காத இரவு வலியோ இருந்தாலும் தாமதிக்காதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுவதும், குதிரைச் சேணத்தில் உட்கார்ந்தால் அதன் மேல் படும் பகுதி, அதாவது கவட்டையும் ஆசனவாயைச் சுற்றிய இடமும், மரத்துப்போவதும் அவசரநிலை. அன்றைக்கே, அந்த மணிக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லை என்றால் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. முதல் நான்கு வாரங்களுக்கு 9 ஹோலோடு முடித்துக்கொள்ளுங்கள். பையைத் தோளில் சுமக்காமல் தள்ளுவண்டியில் கொண்டுபோங்கள். குழியிலிருந்து பந்தை எடுக்கும்போது பந்தைக் குழிக்குள் தள்ளும் கிளப்பான பட்டரை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் உயர்த்திக் குனியுங்கள். வலி வராமல் நான்கு வாரம் போனால், அதன் பிறகு வாரத்துக்கு மூன்று ஹோல் வீதம் கூட்டிக்கொள்ளலாம்.